கராச் வாசல்: ஆடி வெயிலில் சலாலாவுக்குக் காரில் போகலாமா?

ஓமானில் இருபத்திரண்டு வருடம் வாகனம் ஓட்டிவிட்டு வந்துதான் சுன்னாகத்தில் கராச் போட்டேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். வழக்கமாக வரும் பிறேக், கிளச் கடிதங்களோடு இந்த முறை பாலைவனமும் சேர்ந்து வந்திருக்கிறது. சரி, அதையே முதலில் எடுக்கிறேன். கிளச்சுக்காரர் ஒரு கிழமை பொறுக்கவேணும்.

கேள்வி: அண்ணை, மகன் மஸ்கற்றில் வேலை செய்கிறான். நானும் இவரும் அங்கே போய் நிற்கப் போகிறோம். ஆடியில் எல்லோரையும் ஓமானின் தெற்குக் கரையில் இருக்கும் சலாலாவுக்குக் காரில் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். ஏழு வயதிலும் மூன்று வயதிலும் பேரப்பிள்ளைகள். இவருக்குச் சலரோகமும் பிறஷரும். ஆயிரம் கிலோமீற்றர் பாலைவனம் என்று மருமகள் பயப்படுகிறா. ஆனையிறவு வெயிலில் பஸ்சுக்கு நின்று பழகிய எனக்கு அந்தப் பயம் இல்லை. யார் சொல்வது சரி? நல்லூர்க் கொடியேற்றத்துக்குள் திரும்பவும் வேண்டும்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்

பதில்: ரீச்சர், நான் மருமகள் பக்கம். அதற்காகப் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டாயம் போங்கள். பயப்படுகிற ஒருவர் காருக்குள் இருப்பது நல்லது என்றுதான் சொல்கிறேன்.

ஆனையிறவு வெயில் வேறு, சலாலா போகும் வழியில் பாலைவன நடுவில் இருக்கும் ஹைமாவின் வெயில் வேறு. ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீர். காற்றில் ஈரம் இருக்கும். வேர்வை காயாமல் முதுகில் சட்டையை ஒட்டவைக்கும். 'அப்பாடா, என்ன புழுக்கம்' என்று நீங்களே தண்ணீரைத் தேடுவீர்கள். அங்கே காற்று வறண்டது. வேர்வை வெளியே வந்த உடனேயே காய்ந்துபோகும். உடம்பில் ஒரு சொட்டையும் காணமாட்டீர்கள். கோப்பாயில் இருந்து புதிதாக வந்த ஒரு தம்பியை ஒருநாள் உதவிக்குக் கூட்டிப்போனேன். மத்தியானம் கேட்டேன், 'தண்ணி குடிச்சியோ?' 'எனக்கு வேர்க்கவே இல்லை அண்ணை, தாகமும் இல்லை' என்றான். அவனுடைய நீலச் சட்டையின் கொலரில் வெள்ளை வெள்ளையாய்க் கோடு விழுந்திருந்தது, உப்பளத்தில் பாத்தி காய்ந்தது மாதிரி. புருவத்திலும் உப்பு. காலையில் இருந்து போன வேர்வை எல்லாம் அங்கேதான் இருந்தது. பின்னேரம் தலையிடி, சத்தி.

அதனால் தாகத்தை நம்பவேண்டாம், மணிக்கூட்டை நம்புங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளுக்கு நாலைந்து மிடறு. சின்னவனுக்குக் கேட்காமலே கொடுங்கள். ஆளுக்கு நாலு லீற்றர் என்று கணக்குப் போட்டு ஏற்றி, அதற்கு மேல் அவசரத்துக்கென்று இன்னொரு பெட்டியும் வையுங்கள். அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது. வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் உடம்பில் உப்புக் குறையும். உப்புப் போட்ட மோர், தேசிக்காய்த் தண்ணி இரண்டும் நல்லது. இரண்டு ஜீவனி பைக்கற்றும் பையில் இருக்கட்டும். அதில் சீனி இருக்கிறபடியால் உங்கள் வீட்டுச் சேருக்குக் கொடுக்கலாமா என்று போகுமுன் டொக்டரிடம் கேளுங்கள். பிறஷருக்கு அவர் எடுப்பது சலம் போகவைக்கும் குளிசை என்றால் அதையும் கட்டாயம் கேட்கவேணும். அந்தக் குளிசையும் வெயிலும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். சலம் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். இதைச் சொல்ல வெட்கப்படும் மனுசர்தான் கடைசியில் சேலைன் ஏற்றிக்கொண்டு படுப்பவர்.

இன்சுலின் போடுகிறார் என்றால் அது டாஷ்போட் பெட்டிக்குள் இருக்கக்கூடாது. கார் நிற்கும்போது அந்தப் பெட்டி ஒரு அடுப்பு. ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், ஆனால் துவாயில் சுற்றி. ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் மருந்து கெட்டுவிடும்.

இனிப் பாதை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை இரண்டரைத் தடவை ஓடுவதாக நினையுங்கள். ஆனால் வழியில் ஒரு வவுனியாவோ புத்தளமோ கிடையாது. மஸ்கற்றில் இருந்து நிஸ்வா வரைக்கும் மலையும் பேரீச்சந் தோட்டமும். ஆதாம் என்ற ஊரைத் தாண்டினால் வெறும் தட்டை. மணல் மேடு மேடாக இருக்கும் என்று படத்தில் பார்த்து வைத்திருப்பீர்கள். அந்த றோட்டில் பெரும்பாலும் சரளைக்கல்லும் மண்ணும்தான். நடுவில் ஹைமா. அதற்கப்பால் தும்ரைற். ஆதாம், ஹைமா, தும்ரைற், இந்த மூன்றிலும் ராங்க் அரைவாசி இருந்தாலும் நிரப்புங்கள். அடுத்த பெற்றோல் செட்டில் பார்ப்போம் என்பது ஏ9 பழக்கம்.

எப்போது வெளிக்கிடுவது என்பதில்தான் மகனோடு எனக்குச் சண்டை வரும். வெயிலுக்குப் பயந்து இரவிரவாக ஓடுவோம் என்று சொல்வார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இரவில் ஓடவேண்டாம். வெயிலை ஏசி பார்த்துக்கொள்ளும். ஒட்டகத்துக்கு ஏசி இல்லை. அதற்கு நீண்ட கால், உடம்பு முழுக்க மேலே. கார் காலில் இடித்தால் அரைத் தொன் உடம்பு முன்கண்ணாடிக்கு மேலேயே வந்து விழும். இருட்டில் அதன் கண்ணும் தெரியாது, தலை அவ்வளவு உயரத்தில். சலாலா இருக்கும் டோபார் பக்கத்தில் கறுப்பு ஒட்டகம் வேறு. முதல்நாள் பின்னேரம் நிஸ்வா போய்த் தங்குங்கள். அடுத்தநாள் விடிந்து வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டால் ஒன்பது மணியளவில் ஹைமா, பின்னேரத்துக்குள் சலாலா. மத்தியான வெயில் ஹைமாவுக்கும் தும்ரைற்றுக்கும் இடையில் பிடிக்கத்தான் செய்யும். பிடிக்கட்டும். அதைவிட அந்த நேரத்தில் வரும் நித்திரைக்குத்தான் நான் பயந்தேன். வளைவே இல்லாத றோட், ஒரே நிறம், ஏசியின் சத்தம். கண் திறந்தபடியே மனுசன் நித்திரையாகிப் போவான். சாரதிக்குப் பக்கத்தில் நீங்கள் இருங்கள் ரீச்சர். வாய்ப்பாடு கேளுங்கள். பதினாறாம் வாய்ப்பாட்டில் மகன் தடுமாறினால் காரை நிற்பாட்டச் சொல்லுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகள் பற்றி ஒன்றே ஒன்று. பெற்றோல் செட்டில் 'சின்னவன் நித்திரை, எழுப்பவேண்டாம், இதோ ஓடிவந்திடுவம்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போகக்கூடாது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்துப் பாகைக்கும் மேல் ஏறும். வெளியில் 45 என்றால் உள்ளே எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். சின்னப் பிள்ளையின் உடம்பு எங்களுடையதை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். சீற் பெல்ற்றின் இரும்பு கூடச் சுட்டுக் கொப்புளம் போடும். நிற்பாட்டும்போது அதன்மேல் ஒரு துணியைப் போட்டு விடுங்கள்.

யாராவது பிதற்றத் தொடங்கினால், நடை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது களைப்பு இல்லை, வெப்ப அதிர்ச்சி. ஏசிக்குள் படுக்கவைத்து உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் கொடுப்பதில் பயனில்லை. நினைவு தளம்பும் ஆளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றவும் கூடாது. ஓமானில் அவசர இலக்கம் 9999. போன் எல்லா இடத்திலும் இழுக்காது. ஆகவே கார் நின்றுபோனால் காரை விட்டு நடக்கவேண்டாம். தேடி வருபவர்களுக்குக் கார்தான் கண்ணில் படும், ஆள் படமாட்டான். பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு வாகனத்தின் நிழலில் இருங்கள். அந்த றோட்டில் லொறிகள் போகும், நிற்பாட்டாமல் போகிறவன் குறைவு.

இவ்வளவையும் எழுதியபிறகு மருமகள் இன்னும் பயந்திருப்பா. ஆகவே போனால் கிடைப்பதையும் சொல்லவேணும்.

தும்ரைற் தாண்டி ஒரு மணித்தியாலத்துக்குள் மலை ஏறி இறங்கவேணும். ஏறும்போது வெயிலும் புழுதியும். உச்சியைத் தாண்டியதும் முன்கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஏதோ விழும். முதல்முறை நான் றேடியேற்றர் வெடித்துவிட்டது என்று நினைத்து வாகனத்தை ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் மழைத்தூறல். காற்று குளிர்ந்து, புல்லு முழங்கால் அளவு பச்சையாய், மூடுபனிக்குள் மாடு நிற்கிறது. பத்து நிமிடத்துக்கு முன் தொட்டால் சுட்ட கதவுப்பிடி நனைந்திருக்கிறது. கீழே சலாலாவில் அந்த மாதத்தில் 27 பாகை அளவுதான். அந்த நாட்டு ஆட்கள் இதைக் கரீஃப் என்பார்கள். ஆனி நடுவில் இருந்து புரட்டாதி வரை.

வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அது எங்கள் சோளகம்தான் என்று. அதே தென்மேற்குக் காற்று. இங்கே நிலத்தைக் கடந்து வரும்போது மழையை எல்லாம் வழியிலேயே இறக்கிவிட்டு எங்களுக்குப் புழுதியும் வறட்சியும் கொண்டுவருகிறது. அங்கே கடல்மேலாக வருகிறது. அந்தக் காற்றின் இழுப்பில் ஆழத்துக் குளிர்நீர் கரையோரம் மேலே வர, ஈரக்காற்று அதில் குளிர்ந்து பனிமூட்டமாகி மலையில் முட்டி நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சொட்டும் இல்லை. ஆடியில் கிணற்றுத் தண்ணி இறங்கி நீங்கள் இங்கே கவலைப்படும்போது அதே காற்று அங்கே அருவி விழுத்துகிறது.

மலை இறங்கும்போது மூடுபனியில் பெரிய வெளிச்சம் போடவேண்டாம், கண்ணுக்குத்தான் திருப்பி அடிக்கும். சின்ன வெளிச்சம், சின்ன கியர். கீழே போனால் றோட்டோரம் இளநி, பப்பாசி, வாழைக்குலை தொங்கவிட்ட கொட்டில்கள். முதல் கொட்டிலில் நிற்பாட்டுங்கள். சேரை அங்கே இறக்கிவிட்டால் கைதடியில் இறங்கியதாகவே நினைப்பார்.

கேள்வி: கோடை காலத்தில் றோட்டுச் சூட்டுக்கு ரயர் வெடிக்கும், ஆகவே இரண்டு மூன்று இறாத்தல் காற்றைக் குறைத்து ஓடவேணும் என்று எங்கள் வான் உரிமையாளர் சொல்கிறார். சரியா?
– வான் சாரதி, கொடிகாமம்

பதில்: நேர்மாறு. காற்றுக் குறைந்த ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிரும். கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் சூடாகுமே, அப்படி. அந்தச் சூட்டில்தான் வெடிக்கிறது. ஓட்டத்தில் காற்று விரிந்து அழுத்தம் கூடுவது உண்மை, பத்துப் பாகைக்கு ஏறத்தாழ இரண்டு இறாத்தல். அதற்கும் சேர்த்துத்தான் கொம்பனி கணக்குப் போட்டிருக்கிறது. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், அதில் உள்ள எண்தான் சரி. விடியற்காலையில், ரயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். ஓடிவந்த சூட்டோடு அளந்து காற்றை இறக்கினால், ஆறியபிறகு குறைந்துவிடும். உங்கள் முதலாளி சொல்வது எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். பாலைவனத்தில் தளர்ந்த மணலில் இறங்குகிறவர்கள் காற்றை அரைவாசியாக இறக்கி ரயரைப் பரப்பி ஓடுவார்கள். றோட்டில் ஏறியதும் திரும்ப அடிப்பார்கள். கதையில் முன்பாதி மட்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. தொண்ணூறுகளில் வேலை பார்த்த ஒரு வீட்டில் முதலாளி பழைய ரயர்தான் வாங்குவார். பூ, அதுதான் றோட்டில் படும் அந்த வெட்டு வெட்டான பகுதி, நன்றாக இருக்குது, பிறகென்ன என்பார். ஹைமா தாண்டி, குடும்பத்தோடு போகும்போது பின்பக்கம் பட்டென்றது. பூ அப்படியே உரிந்து வால் மாதிரி இழுபட்டு வந்தது. ஸ்பெயாரை எடுத்தால் அதிலும் காற்றில்லை, பார்க்காதது என் பிழை. ஜக்கை வைத்தால் றோட்டோர மண்ணுக்குள் அது இறங்குகிறதே தவிர வாகனம் எழும்பவில்லை. வீல் சாவியைப் பிடிக்க முடியாத சூடு. இடுப்பில் இருந்த சாரத்தைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு, உள்ளே கட்டைக் காற்சட்டையோடு நின்றேன், முதலாளியின் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால். ஒரு பாகிஸ்தான் லொறிக்காரர் நிற்பாட்டினார். லொறியில் இருந்து ஒரு பலகையை எடுத்து ஜக்குக்குக் கீழே வைத்தார், எழும்பியது. அவருடைய கொம்பிறஸரில் ஸ்பெயாருக்குக் காற்று. பிறகு ரொட்டியும் பச்சை வெங்காயமும் தந்து, தின்றுவிட்டுத்தான் போகவேணும் என்று நின்றார்.

அன்றிலிருந்து என் வாகனத்தில் ஒன்றரை அடிப் பலகை ஒன்று எப்போதும் கிடக்கும். இப்போதும் கிடக்கிறது, சுன்னாகம் சந்தைக்குப் போகும்போதும்.

பூவைப் பார்க்காமல் வயதைப் பாருங்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை செய்தது. தூரப் பயணத்துக்கு ஐந்து வருடம் தாண்டிய ரயரை நான் நம்பமாட்டேன். வெளிக்கிடும்போது ரயருக்குக் கீழே தேசிக்காய் வைக்கக் குனிவீர்கள்தானே, அப்படியே அந்த நாலு இலக்கத்தையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

கேள்வி: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடலாமா? கூலன்ற் விலை கட்டுப்படியாகவில்லை.
– முச்சக்கர வண்டியில் இருந்து காருக்கு மாறியவர், மானிப்பாய்

பதில்: உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வரும் தண்ணி எங்களுடையது. கேத்திலில் பிடிக்கும் அந்த வெள்ளைப் பொருக்கு உங்கள் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் பிடிக்கும், அங்கே சுரண்ட முடியாது. கூலன்ற் வாங்கப் பணமில்லாத வாரத்தில் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணியை விடுங்கள். ஆனால் வாரம் மாதமாகக்கூடாது. கூலன்ற் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

இன்னொன்று. ஊசி சிவப்புக்குப் போனால் உடனே மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் உள்ளே 100 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் எல்லாம் ஒன்றாகக் கொதித்து முகத்துக்கு வரும். ஏசியை நிற்பாட்டி ஹீற்றரை முழுக்கத் திறந்துவிடுங்கள், என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும். வேர்த்து விறுவிறுத்துப் போவீர்கள், என்ஜின் தப்பும்.

கேள்வி: மாமா, வடமராட்சி கிழக்கு மணற்காட்டையும் பாலைவனம் என்று சொல்கிறார்களே. அது உண்மையான பாலைவனமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், பருத்தித்துறை

பதில்: இல்லை தம்பி. மணல் இருந்தால் பாலைவனம் ஆகாது, மழை இல்லாவிட்டால்தான் ஆகும். வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை விழும் இடத்தையே பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஆயிரத்துக்கு மேல் விழுகிறது, பெரும்பகுதி மாரியில் இரண்டு மூன்று மாதத்துக்குள். மணற்காட்டில் இருப்பது கடற்கரைக் காற்று குவித்த மணற்குன்று. அந்தோனியார் கோயிலின் பழைய சுவர்களை மணல் மூடியிருப்பதைப் போய்ப் பார். அந்த மணலைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்தில் நல்ல தண்ணி வரும். மழைநீர் உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்கிறது. ஹைமாவில் தோண்டினால் கைதான் நோகும்.

பாலை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் வன்னிப் பாலைப்பழம்தான் நினைவு வரும். தின்றபிறகு உதடு ஒட்டிக்கொண்டு பேச முடியாமல் நிற்பது.

கேள்வி: நாங்கள் டுபாயில் மகளிடம் விசிற் விசாவில் போகிறோம். அங்கிருந்து காரில் சலாலா போய்வரலாமா?
– தம்பதியினர், சாவகச்சேரி

பதில்: வாகனத்தைவிட விசாவைப் பாருங்கள். ஒருமுறை நுழையும் விசாவில் போயிருந்தால், ஓமான் எல்லையைத் தாண்டிய உடனே அது முடிந்துவிடும். திரும்பி டுபாய்க்குள் விடமாட்டார்கள். மகள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். பலமுறை நுழையும் விசாவா என்று முதலே பாருங்கள். ஓமான் விசாவையும் இருந்த இடத்தில் எடுத்துக்கொண்டு, மகளின் கார்க் காப்புறுதி ஓமானுக்கும் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: சலாலாவில் இருந்து ஊருக்கு என்ன கொண்டுவரலாம்?
– அதே உரும்பிராய் ஆசிரியை, பின்குறிப்பாக

பதில்: குந்திரிக்கம், ரீச்சர். அந்த மரம் வளரும் இடம் அதுதான். சலாலாவுக்கு 40 கிலோமீற்றர் முன்னால், தும்ரைற்றில் இருந்து இறங்கும் வழியில் வாதி தவ்கா என்ற இடத்தில் அந்த மரங்களை வேலியிட்டு வைத்திருக்கிறார்கள். 2000 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடங்களில் ஒன்று. பட்டையைச் சீவிவிட்டால் பால் மாதிரி வடிந்து கட்டியாகும். மலைக்கு அந்தப் பக்கம், மழை படாத வறண்ட நிலத்தில் வருவதுதான் முதல்தரம். ஹோஜாரி என்று கேளுங்கள்.

ஹாஃபா சந்தையில் மூன்று நாலு கடை ஏறி இறங்குங்கள். இலேசான பச்சை ஓடிய வெள்ளைக் கட்டியாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடு தெரிவதாக எடுங்கள். மண்ணிறமாய்த் தூசி படிந்ததை 'ஊருக்குத்தானே, இது போதும்' என்று தள்ளப் பார்ப்பார்கள். எனக்கு முதல்முறை அப்படித்தான் தள்ளினார்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை தணலில் போட்டதும் மனுசி முகர்ந்து பார்த்துவிட்டு, சுன்னாகம் சந்தையில் இதைவிட நல்லது இருக்குதே என்று சொன்னா.